நடந்தால் மட்டும் போதுமா?

சென்ற ஆவணியில் நான் ஒரு குற்றம் செய்தேன். சஞ்சய் வனத்துப் பாதையில் மழைநீர் தேங்கி நின்றது. செருப்பு நனையுமே என்று ஓரத்துப் புல்லின்மேல் கால் வைத்துக் கடந்தேன். எனக்கு முன் சென்றவரும் அதையே செய்தார். பின் வந்தோரும் அதையே செய்தனர். புரட்டாசி முடிவதற்குள் மூன்றடிப் பாதை ஏழடிச் சேறாயிற்று.

நண்பர்களே, மெஹ்ரௌலியை ஒட்டி நம் விடுதிகளுக்கு அருகே கிடக்கும் அந்தக் காடு ஏறத்தாழ 780 ஏக்கர். ஆரவல்லி மலைத்தொடரின் வால் அது. 11ஆம் நூற்றாண்டு லால் கோட் மதிலின் சிதைவுகளும் அங்கே உண்டு (செங்கோட்டை வேறு, இது வேறு). உலாவவும், சைக்கிளில் மேடேறி இறங்கவும், தேர்வுக் கவலையை மறக்கவும் நாம் அங்கேதான் போகிறோம். அந்த மண்பாதைகள் தாமாகவே நிலைத்திருக்கின்றன என்றல்லவா எண்ணியிருந்தேன்!

ஞாயிறு காலைகளில் தொண்டர் சிலர் அங்கே வேலை செய்வதைப் பிறகுதான் கண்டேன். என் கையிலும் ஒரு மண்வெட்டி வந்தது. ஆர்வத்தோடு குழியில் மண்ணை அள்ளிக் கொட்டினேன். ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் சிரித்துவிட்டார். "மூடாதே பேட்டா, தண்ணீருக்கு வழி விடு" என்றார் இந்தியில். பாதையைக் கெடுப்பது அதன் வழியே ஓடும் நீர். ஆகவே பாதையைச் சரிவுப் பக்கமாகச் சற்றே சாய்த்துவிட வேண்டும். மேட்டுப் பகுதியில் குறுக்கே சாய்வாகக் கல் பதித்தால் நீர் ஒதுங்கி வெளியேறும். ஈரமண்ணில் சைக்கிள் ஓட்டினால் சக்கரத் தடமே அடுத்த மழைக்கு வாய்க்காலாகிவிடும். மழை விட்ட மறுநாளே வண்டியை எடுக்கும் நம் வீரர்கள் இதைக் கவனிக்க!

"அது டெல்லி வளர்ச்சி ஆணையத்தின் வேலை, இரண்டாண்டில் போகிறவனுக்கு ஏன் இந்தத் தொல்லை?" என்றான் என் அறை நண்பன். ஆணையத்தின் பொறுப்புதான், அவர்கள் இசைவின்றி ஒரு கிளையையும் வெட்டலாகாது. ஆனால் பாதையைத் தேய்ப்பது ஆணையத்தின் காலா, நம் காலா? நம் ஊர்களில் ஏரி நீரைப் பயன்படுத்தியவர்களே குடிமராமத்து என்று கூடி வாய்க்காலைத் தூர்வாரினார்கள். எல்லாரும் மனமுவந்து வந்தார்கள் என்று பெருமையடிக்க மாட்டேன். 1858இல் அதைக் கட்டாயமாக்கச் சட்டமே போட வேண்டியிருந்தது! அவர்களுக்காவது விளைச்சல் இருந்தது. நமக்கு இருப்பது மாலை நடை ஒன்றுதான். ஆனால் மண்பாதை பாழானால் சிமெண்டுத் தளம் கேட்கும் குரல் எழும். சிமெண்டு மழையை உறிஞ்சாது. காட்டில் நடக்கும் உணர்வும் அதோடு போய்விடும்.

ஒரு சிக்கல் உண்டு. இங்கே மழை ஜூன் கடைசியில் தொடங்கும். கல் பதிக்கும் வேலை அதற்கு முன் முடிய வேண்டும். அப்பொழுதோ நாமெல்லாம் ஜி.டி. எக்ஸ்பிரஸ் ஏறி ஊரில் இருப்போம். ஆகையால் பங்குனியிலேயே, தேர்வு நெருங்குமுன், இரண்டு ஞாயிறு வேண்டும். பொங்கல் விழாப் பந்தலுக்கு முப்பது பேர் வந்தீர்கள். நான் கேட்பது ஐந்து பேர். காலை 6 மணி, விடுதி வாயில். சீமைக் கருவேல முள் டயரையே துளைக்கும், செருப்போடு வராதீர்கள்.