கவிழ்ந்தது பால் கேன் மட்டுமா?

திருமுல்லைவாயில் என்ற பேரே ஒரு வாகனம் சிக்கிக்கொண்ட கதைதான். தலபுராணம் இப்படிச் சொல்கிறது: குறும்பர்களோடு போருக்குப் போன தொண்டைமானின் யானை முல்லைக்கொடியில் கால் மாட்டி நின்றுவிட்டது. மன்னன் வாளை எடுத்துக் கொடியை வெட்ட, வெட்டு உள்ளே மறைந்திருந்த லிங்கத்தின் மேல் பட்டது. மாசிலாமணீஸ்வரர் கோயில் எழுந்தது.

மன்னனின் யானை மாட்டிக்கொண்டால் தலபுராணம். அதே பக்கத்தில் இரண்டு மாடு வைத்துப் பிழைப்பவரின் டிவிஎஸ் எக்ஸெல் சேற்றில் சறுக்கிப் பால் கேன் கவிழ்ந்தால்? "பார்த்து ஓட்டக் கூடாதா?" என்று ஒரு கேள்வி. அவ்வளவுதான்.

இந்தக் கட்டுரையின் சண்டை அந்தக் கேள்வியோடுதான்.

முதலில் வட்டாரத்தைக் கொஞ்சம் பாருங்கள். பாடியில் தொடங்கி அம்பத்தூர், திருமுல்லைவாயில், ஆவடி என்று போகும் சி.டி.எச். ரோட்டின் இரண்டு பக்கமும் வண்டி சம்பந்தப்பட்ட தொழில்தான். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாகன உதிரி பாகங்கள். ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் 1965-லேயே விஜயந்தா டாங்கி உருண்டு வெளியே வந்தது. டிராக்டர் செய்யும் டாஃபே நிறுவனம் 1960-இல் தொடங்கியதும் சென்னையில்தான். மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கும் டாங்கி செய்யத் தெரிந்த ஊருக்குப் பக்கத்தில், ஒரு மொபெட் வயல்வெளியிலிருந்து தார் ரோட்டுக்கு விழாமல் வந்து சேர வழியில்லை. வேடிக்கைதான்!

ஏரியும் வயலும் மனைகளாக மாறிய பிறகும், ஆவடி தாண்டித் திருவள்ளூர் பக்கமும் பூந்தமல்லி தாண்டியும் சிறு நிலக்காரர்கள் இருக்கிறார்கள். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர். அதாவது இரண்டு ஏக்கருக்கும் கீழே. இந்த அளவு நிலத்தை வைத்துக்கொண்டு பாலுக்கு ஒரு வண்டி, தீவனத்துக்கு ஒரு வண்டி, காய்கறிக்கு ஒரு வண்டி என்று யார் வாங்க முடியும்? இருப்பது ஒன்று. அதில்தான் எல்லாம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 40 லிட்டர் கேன் இரண்டு. பால் தண்ணீரை விடக் கொஞ்சம் கனம். ஆக, பால் மட்டும் 82 கிலோவுக்கு மேல். கேனின் எடை தனி. மொத்தத்தில் ஏறக்குறைய இன்னொரு மொபெட்டையே பின்னால் தொங்கவிட்டுக்கொண்டு ஓட்டுவது போல. இதில் முழுக் கேனை விட அரைக் கேன்தான் ஆபத்து. பிரேக் போட்டால் உள்ளே இருக்கும் பால் முன்னால் பாயும். வண்டியைத் திருப்பினால் பக்கவாட்டில் அலையடிக்கும். பத்து வீட்டுக்கு ஊற்றிவிட்டுப் பதினோராவது வீட்டுக்குப் போகும்போது வண்டி தள்ளாடுவது இதனால்தான். பால் காத்திருக்காது, கறந்து சில மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும் என்பதால் மெதுவாகவும் போக முடியாது. கவனக்குறைவு என்று பேர் வைப்பது சுலபம். அந்த அரைக் கேனை ஒரு நாள் ஓட்டிப் பார்க்கட்டும், தெரியும்.

வைக்கோல் வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். வைக்கோல் ஏற்றிய லாரி மின்கம்பியில் உரசித் தீப்பிடித்தது என்ற செய்தி தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் அறுவடைக் காலத்தில் வரும். செய்தியைப் படிப்பவர் உடனே சொல்வது: "அளவுக்கு மீறி ஏற்றியிருப்பான்." உண்மையாகவே பலர் அப்படி ஏற்றுகிறார்கள். வைக்கோலுக்கு எடை கம்மி, இடம் அதிகம். உயரமாக அடுக்காவிட்டால் லாரி வாடகைக்குக் கட்டாது. சரி, தப்பு என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் கம்பம் சாய்ந்து கம்பி தொய்ந்து கிடந்தது யார் தப்பு? அந்தக் கேள்வி மட்டும் செய்தியில் வருவதே இல்லை.

இனி சட்டத்துக்கு வருவோம். கொடுமை அங்கேதான் இருக்கிறது.

கட்டாயமான மூன்றாம் நபர் காப்பீடு சிந்திய பாலுக்கும் நசுங்கிய தக்காளிக்கும் ஒரு பைசா தராது. முழுக் காப்பீடு எடுத்தவருக்கும் சின்னச் சேதத்துக்குக் கேட்கப் பயம். கேட்டால் அடுத்த ஆண்டுக்கான 'நோ கிளைம் போனஸ்' போய்விடும். ஆகவே சின்ன விபத்துகள் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. கணக்கில் இல்லாததற்கு யாரும் தீர்வு தேடுவதும் இல்லை.

டிராக்டரில் இருப்பது ஒரே ஒரு சீட், ஓட்டுநருக்கு. நடவுக்கும் அறுப்புக்கும் ஆட்களைக் கூட்டிப் போக வேறு வண்டி கிடையாது. எனவே மட்கார்டிலும் டிரெய்லரிலும் ஆள் உட்காருகிறார்கள். சரக்கு வாகனத்தில் சும்மா ஏறிக்கொண்ட பயணிக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பில்லை என்று ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002-இல் சொல்லிவிட்டது. 1994-இல் வந்த திருத்தம் சரக்கின் சொந்தக்காரரையும் அவருடைய பிரதிநிதியையும் மட்டும் சேர்த்துக்கொண்டது. 2007-இல் பிரிஜ் மோகன் வழக்கு. டிராக்டருக்குக் காப்பீடு உண்டு, டிரெய்லருக்கு இல்லை. அடிபட்டவர் கூலித் தொழிலாளி. நிறுவனம் பொறுப்பில்லை, ஆனாலும் முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூல் செய்துகொள்ளட்டும் என்றது நீதிமன்றம். தொழிலாளிக்கு அது நியாயம்தான். ஆனால் இதே நிலை இரண்டு ஏக்கர்காரருக்கு வந்தால் எதை விற்று அடைப்பார்? டிரெய்லருக்கும் தனியாகக் காப்பீடு வேண்டும் என்று வண்டி விற்கும் அன்றைக்கே அவரிடம் உட்கார்ந்து விளக்கியவர்கள் எத்தனை பேர்?

ஓட்டுநர் உரிமத்திலும் இதே கதை. 2005-இல் டாடா ஏஸ் வந்த பிறகு காய்கறிக்கும் தீவனத்துக்கும் அதுவே வண்டியானது. சாதாரண இலகு ரக உரிமம் போதாது, போக்குவரத்து வாகன அனுமதி தனியாக வேண்டும் என்று சொல்லிக் காப்பீட்டு நிறுவனங்கள் கையை விரித்தன. 7,500 கிலோ வரைக்கும் அந்த உரிமமே போதும் என்று 2017-இல் முகுந்த் தேவாங்கன் வழக்கில் தீர்ப்பு வந்தது. அப்போதும் விடவில்லை. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து அதையே உறுதி செய்ய வேண்டியிருந்தது. இந்தச் சண்டையெல்லாம் நடந்த ஆண்டுகளில் அடிபட்டவர்கள் ஆஸ்பத்திரிக் கட்டணத்தைக் கடன் வாங்கித்தான் கட்டினார்கள்.

"எல்லாம் சரி, பதினைந்து வயசுப் பையனிடம் டிராக்டரைக் கொடுப்பதும், இரவில் விளக்கில்லாத டிரெய்லரை ரோட்டில் நிறுத்துவதும் யார் தப்பு?" என்று கேட்கலாம். ஓட்டுகிறவர் தப்புத்தான், மறுக்க முடியாது. பின்னால் வந்து மோதி உயிரை விட்ட பைக்காரர் வீட்டில் போய் வறுமையைக் காரணம் சொல்ல முடியாது. ஆனால் மனிதன் தப்புச் செய்வான் என்று தெரிந்தே ஏற்பாடு செய்த நாடுகள் இருக்கின்றன. டிராக்டர் கவிழ்ந்தாலும் ஓட்டுநர் நசுங்காமல் காக்கும் இரும்புச் சட்டத்தைப் புதிய டிராக்டர்களுக்கு ஸ்வீடன் 1959-லேயே கட்டாயமாக்கியது. சாவு வெகுவாகக் குறைந்தது. அதற்காக ஸ்வீடன் விவசாயி திடீரென்று கவனசாலி ஆகிவிடவில்லை, வண்டி மாறியது. தமிழ்நாட்டு வயல்களில் பெரும்பாலான டிராக்டர்களின் மேல் இருப்பது வெயிலுக்கான கூரைதான். கவிழ்ந்தால் அது தாங்காது.

கேட்பது பெரிய விஷயமில்லை. வயலிலிருந்து ரோடு வரை ஒரு சின்ன வண்டி போகும் அளவுக்கு மழைக்குத் தாங்கும் பாதை. டிராக்டர் கடன் கொடுக்கும்போதே டிரெய்லருக்கும் சேர்த்துக் காப்பீடு, கூடவே பாதுகாப்புச் சட்டத்துக்கு மானியம். டிரெய்லரின் பின்னால் ஒளிரும் பட்டை; அதன் விலை ஒரு கேன் பாலை விடக் குறைவு. தொய்ந்த மின்கம்பிகளை அறுவடைக்குப் பிறகல்ல, அதற்கு முன்பே இழுத்துக் கட்டுவது. 2019-இல் ஆவடி மாநகராட்சி ஆகிவிட்டது. மாநகராட்சி என்றால் தெருவிளக்கும் பூங்காவும் மட்டும்தானா? எல்லைக்குள் மாடு வைத்திருப்பவரும் வரி கட்டுகிறவர்தானே?

1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தபோது, விளைந்தவரே நேராக விற்கலாம் என்று மாநிலமே மகிழ்ந்தது. நல்ல திட்டம். ஆனால் விற்பதற்கு முன்னால் பொருள் சந்தைக்கு முழுதாக வந்து சேர வேண்டும். நடுவில் சேற்றில் கிடப்பதற்கு எந்தச் சந்தையும் விலை போடுவதில்லை. அந்த நஷ்டம் முழுவதும் இன்றைக்கும் ஒரே ஆளின் தலையில்தான் விழுகிறது. விழுந்த பிறகு "பார்த்து ஓட்டக் கூடாதா?" என்று அவரையே கேட்பது கேள்வியே இல்லை; மற்ற எல்லோரும் நழுவிப் போகும் வழி.