ஒட்டு விட்டுப்போவது யார் குற்றம்?

உழவு மும்முரமாக நடக்குங் காலத்தில் டிராக்டரின் கொத்துக் கலப்பைச் சட்டம் விரிசல் காண்பதும், பட்டறையில் வெல்டிங் வைத்துக் கொண்டுவந்த நாலாம் நாளே அவ்விடம் மறுபடி விட்டுப்போவதும் மிராசுதார்கள் அநேகருக்குப் பழகிய சங்கதி. அதற்குள் நிலத்தின் ஈரம் போய்விடுகிறது. ராடு மட்டம், கரண்டு குறைவு என்று காரணஞ் சொல்லுவார்கள். அதுவும் சில சமயம் உண்டுதான். ஆயினும் பெரும்பாலும் குற்றம் நெருப்புப் பொறி பறப்பதற்கு முந்தியே நேர்ந்துவிடுகிறது என்பது எனது அபிப்பிராயம்.

விளிம்பைத் தயார் செய்யாமல் விரிசலின்மேல் ராடை ஓட்டினால், உருகிய உலோகம் மெழுகியதுபோல் மேலே படியுமேயன்றி உள்ளே பற்றாது. பார்வைக்குத் தடிப்பாக, அழகாகவே இருக்கும். அடியில் பழைய விரிசல் அப்படியே கிடக்கும். 3 மில்லிமீட்டருக்கு உட்பட்ட தகட்டைச் சரிக்காமலே பற்றவைக்கலாம். 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட சட்டமாயின், இரு விளிம்புகளையும் சாணையிட்டுச் சரித்து, நடுவில் சுமார் 60 டிகிரி கோணமுள்ள பள்ளம் உண்டாக்க வேண்டும். அடிவிளிம்பைக் கத்திபோலக் கூராக்கலாகாது; கூராக்கினால் எரிந்து ஓட்டையாகும். 1.5 அல்லது 2 மில்லிமீட்டர் மொட்டையாக விட்டு, இரண்டுக்கும் நடுவே 2 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளி வைத்தால்தான் அடிவரை உருகிச் சேரும்.

பள்ளத்திலும் அதன் இருபுறம் ஓரங்குல அகலத்துக்கும் துரு, வர்ணம், கிரீஸ் யாவும் நீங்கி இரும்பு பளிச்சென்று தெரியவேண்டும். எண்ணெயைத் துடைத்த பிறகே சாணை. முன்னே பிடித்தால் எண்ணெயை இரும்பில் தேய்த்துப் பூசியதாகும். ஈரமும் எண்ணெயும் வெப்பத்தில் ஹைட்ரஜன் வாயுவை விடும். அது ஒட்டில் துளைகளையும், கடின எஃகில் பின்னால் வெடிப்பையும் உண்டாக்கும். துத்தநாகம் பூசிய குழாய்களில் அப்பூச்சையும் தேய்த்தெடுப்பது அவசியம். அதன் புகையைச் சுவாசித்த தொழிலாளிக்கு அன்றிரவே குளிர்ஜுரம் காணும். பால் குடித்தால் தீருமென்பது வெறும் நம்பிக்கை.

இவற்றைப் பட்டறைக்காரர் அறியாதவரல்லர். சாணை வேலைக்கு நேரமும் ஆகிறது, வட்டும் தேய்கிறது. அதற்குக் கூலி கேட்டால் நாம் முகஞ் சுளிக்கிறோம். பொதுவில் வாடகைக்கு விடும் கருவிகளைக் கவனிக்கும் அதிகாரிகளும் குறைந்த தொகை கேட்டவருக்கே வேலையைக் கொடுத்துவிடுகிறார்கள். விளிம்பு சரித்துச் சுத்தம் செய்வதற்கான கூலியைத் தனியே குறிப்பிட்டுக் கேட்பதும், ராடு தொடுமுன் பள்ளத்தைக் கண்ணால் பார்ப்பதும் நம் பொறுப்பு. சேற்றோடு கலப்பையைப் பட்டறைக்கு அனுப்பும் வழக்கத்தையாவது வருகிற ஆடிப் பட்டத்தில் நிறுத்துவோமாக.