பூட்டிக் கிடக்கும் அந்த வீடு



போன இதழில் பிரசவ லேகியம் கிளறுவது பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு சகோதரி, ‘உடம்பு தேறிவிட்டது அம்மா, மனசு தேறவில்லையே, அதற்கு என்ன லேகியம்?’ என்று கேட்டு எழுதியிருக்கிறார். கடிதத்தைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், என் தப்பையும் சேர்த்து.

எங்கள் வீடு செஞ்சியில். வடாம் காயப்போட மொட்டை மாடிக்குப் போனால் ஒரு பக்கம் ராஜகிரி, இன்னொரு பக்கம் கிருஷ்ணகிரி. பின் தெருவில் மாமனார் கட்டிய ஓட்டு வீடு ஒன்று பூட்டியே கிடக்கிறது. ஒரு நாள் சேவை அமைப்பு ஒன்றிலிருந்து இரண்டு பெண்கள் அதை வாடகைக்குக் கேட்டு வந்தார்கள். மனநோயிலிருந்து தேறி, போக வீடில்லாத நாலு பெண்கள் தங்குவார்களாம். கூடவே ராவும் பகலும் துணைக்கு ஒரு அம்மா இருப்பாராம். வாடகை மாதம் தவறாமல் வந்துவிடும் என்றார்கள்.

“வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்றேன்” என்றேன். கேட்கவே இல்லை! சின்னப் பசங்க விளையாடுகிற தெருவாச்சே என்று பயம். மறுபடி போன் வந்தபோது, “நாத்தனார் மகன் வரப் போறாரும்மா” என்று ஒரு பொய்யைச் சொல்லி முடித்துவிட்டேன்.

ஆறு மாதம் கழித்து எதிர்வீட்டு அக்காவின் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்தாள். சுகப்பிரசவம், பெண் குழந்தை. ஒன்பதாம் நாள் பார்க்கப் போனேன். மூன்று நாளாகக் கண்ணை மூடவில்லை என்றார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு ரகசியமாக, “இது என் குழந்தை இல்லைக்கா, ஆஸ்பத்திரியிலயே மாத்திட்டாங்க” என்றாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

சம்பந்தி அம்மாள், “காத்து சேட்டை. அமாவாசைக்கு மேல்மலையனூர் கூட்டிட்டுப் போங்க” என்றார். அங்காளம்மனைக் கும்பிடுகிறவள்தான் நானும். ஆனால் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வேண்டுதலும் வைக்கிறோம், மருந்தும் கொடுக்கிறோம் இல்லையா? அமாவாசைக்கோ இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. அன்று ராத்திரி இரண்டு மணிக்கு அக்கா கண் விழித்துப் பார்த்தால், மகள் கைக்குழந்தையோடு கிணற்றடியில் நிற்கிறாள். நல்லவேளை! அக்கா ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள். விடிவதற்குள் 108 வண்டியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டோம்.

டாக்டர் நிதானமாக எடுத்துச் சொன்னார். ஆயிரம் பிரசவத்தில் ஒன்று இரண்டு பேருக்கு இப்படி வரும். பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்திலேயே காட்டிவிடும். வளர்ப்பிலும் குற்றமில்லை, பேயும் இல்லை. பிரசவத்துக்குப் பின் உடம்பில் ஏற்படும் பெரிய மாறுதல், தூக்கமின்மை, சிலருக்குக் குடும்ப வழி, எல்லாம் சேர்ந்து வருகிற வியாதி. ஒரு நாள் கூடத் தள்ளிப் போடக் கூடாது, ஆனால் நன்றாகக் குணமாகக் கூடியது.

மூன்று வாரம் வார்டில் இருந்தாள். குழந்தைக்கு அங்கே இடமில்லை என்று மாமியார் வீட்டார் தூக்கிப் போனார்கள். பால் கட்டி அவள் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தில், சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்றே இருக்கிறது. தாயால் குழந்தைக்கு ஆபத்து என்றால்தான் விலக்கு. பெங்களூர் நிம்ஹான்ஸில் 2009 முதல் தாயும் சேயும் சேர்ந்து தங்கவே ஒரு பிரிவு நடக்கிறது. இதெல்லாம் அன்று எங்களுக்குத் தெரியாது.

அசல் கஷ்டம் வீட்டுக்கு அனுப்பும் நாளில்தான் ஆரம்பித்தது. பாதி தேறியிருந்தாள். புருஷன் வீட்டில், “முழுசா குணமாகட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்றுவிட்டார்கள். அக்கா வீடோ இரண்டு அறை. படுக்கையில் கிடக்கும் அப்பா, தம்பி குடும்பம், போதாததற்கு ஜன்னலில் எட்டிப் பார்க்கும் தெரு. டாக்டர், “ஆஸ்பத்திரி இனி வேண்டாம். ஆனா கொஞ்ச நாளைக்கு அமைதியான இடம் வேணும். மாத்திரை கொடுக்க, ராத்திரி முழிச்சிருக்க ஆள் வேணும். குழந்தையும் பக்கத்துல இருக்கணும்” என்றார்.

“அப்படி ஒரு இடம் எங்க இருக்கு டாக்டர்?” என்று அக்கா கேட்டாள். அவர் பதில் சொல்லவில்லை. எனக்கோ பூட்டிக் கிடக்கும் ஓட்டு வீடு கண் முன் வந்து நின்றது.

உறவுக்காரர் ஒருவர், “மாசம் பணம் கட்டினா பாத்துக்கற ஹோம் இருக்கு, விட்டுட்டு வந்துடுங்க” என்றார். இங்கேதான் ஜாக்கிரதை வேண்டும், சகோதரிகளே! 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி விடியற்காலையில் ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். 2023 பிப்ரவரியில் நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே, குண்டலப்புலியூரில் அனுமதி இல்லாமல் நடந்த ஒரு காப்பகத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களை மீட்டார்கள். அங்கே விடப்பட்டவர்களும் யாரோ ஒரு தாய் பெற்ற பிள்ளைகள்தானே?

நல்ல இடம் எப்படி இருக்கும் என்றும் சொல்ல வேண்டும். 1993-ல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரண்டு இளம் பெண்கள் சென்னையில் ‘பானியன்’ அமைப்பைத் தொடங்கினார்கள், தெருவில் அலைந்த மனநோயாளிப் பெண்களுக்காக. 2015 முதல் அவர்கள் ‘ஹோம் அகெய்ன்’ என்று ஒன்று நடத்துகிறார்கள். சாதாரணத் தெருவில் சாதாரண வாடகை வீடு. நாலைந்து பேர் சேர்ந்து இருப்பார்கள். சமையல், கடைக்குப் போவது, கோலம் போடுவது எல்லாம் அவர்களே. துணைக்குப் பயிற்சி பெற்ற ஒருவர். வேலூர் சி.எம்.சி. மனநல மையத்தில் 1950-களின் கடைசியிலிருந்தே நோயாளியோடு வீட்டாரும் உடன் தங்குகிறார்கள். இத்தாலியில் டிரியஸ்டே என்ற ஊரில், 1978-ல் வந்த சட்டத்தை ஒட்டிப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியை மூடிவிட்டு, பேட்டைக்குப் பேட்டை இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்கும் மையம் வைத்தார்கள். மனசு கலங்கினவர் சில நாள் தங்க அங்கேயே சில படுக்கைகள்.

இதற்கெல்லாம் பணம்? அதைத் தர வேண்டியது அரசாங்கம். குடும்பம் இல்லை, வேறு இடமில்லை என்ற காரணத்துக்காக ஒருவரை மனநோய் விடுதியில் வைத்திருக்கக் கூடாது, ஊருக்குள் இடைநிலை இல்லங்கள், கூட்டு இல்லங்கள் அமைய அரசு வழி செய்ய வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. தெருவில் அலைபவர்களுக்காகத் தமிழக அரசு 2018-ஐ ஒட்டி அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையங்களைத் தொடங்கியது. அரசு ஆஸ்பத்திரியில் இடம், தேசிய சுகாதார இயக்கத்தின் பணம், நடத்துவது தொண்டு நிறுவனம். இதே மாதிரி வீடு உள்ளவர்களுக்கும், தாலுகாவுக்கு ஒரு சின்ன இல்லம் வேண்டும் என்று கேட்டால் என்ன? பணத்தைக் கொடுப்பதோடு விட்டால் போதாது. எத்தனை பேருக்கு எத்தனை ஆள், ராத்திரி யார் முழிப்பு, டாக்டர் எந்தக் கிழமை வருவார் என்று எழுதி வாங்கி, சொல்லாமல் போய்ப் பார்க்கவும் வேண்டும்.

எந்த இல்லமானாலும் சேர்ப்பதற்கு முன் கேளுங்கள்:

மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்த சான்று எங்கே?

சங்கிலி, பூட்டிய அறை உண்டா? (சங்கிலியால் கட்டுவது சட்டப்படி குற்றம்.)

எந்த நேரத்திலும் வந்து பார்க்கலாமா? போனில் பேச விடுவீர்களா?

எப்போது வீட்டுக்கு அனுப்புவீர்கள்? (இதற்குப் பதில் இல்லாத இடம் வேண்டவே வேண்டாம்.)

தங்கப் போகிறவரிடம் சம்மதம் கேட்டீர்களா?

வீட்டில் இளம் தாய் இருந்தால்: இரண்டு ராத்திரி சேர்ந்தாற்போல் தூங்கவில்லை, இல்லாத குரல் கேட்கிறது, குழந்தையைக் கண்டு பயப்படுகிறாள் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. அதுவரை தாயையும் சேயையும் தனியே விடாதீர்கள். திட்டாதீர்கள், வாதாடாதீர்கள். பால் கொடுக்கிற விஷயத்தை டாக்டரிடம் சொன்னால் அதற்கேற்ற மருந்து தருவார். 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

எதிர்வீட்டுக் கதை என்னாச்சு என்கிறீர்களா? அக்கா மகளை ஹோமில் விடவில்லை. எங்கள் தெருப் பெண்கள் நாலு பேர் முறை வைத்துக்கொண்டு ராத்திரி துணைக்குப் படுத்தோம். நான் போய்ச் சம்பந்தி அம்மாளிடம் பேசி, இரண்டாம் வாரம் குழந்தை வந்து சேர்ந்தது. அம்மாளும் கூடவே வந்து தங்கிவிட்டார்! இன்று அந்தப் பிள்ளை தத்தக்கா பித்தக்கா என்று நடக்கிறது. அவள் புருஷன் வீட்டில் சௌக்கியமாக இருக்கிறாள். ஆனால் உள்ளதைச் சொல்கிறேன், ஆறாவது வாரம் நாங்கள் நாலு பேரும் ஓய்ந்து போனோம். ஒருத்தி வீட்டில் சண்டையே வந்துவிட்டது. நல்ல மனசு மட்டும் போதாது. சம்பளம் வாங்கும் ஆளும், அதற்கென்று ஒரு வீடும் வேண்டும்.

அந்தச் சேவை அமைப்புக்குப் போன் செய்து, நான் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டேன். அவர்கள் வேறு ஊரில் வீடு பார்த்துவிட்டார்கள். “இங்கே ஒன்று தொடங்க நிதி வந்தால் முதலில் உங்களிடம்தான் வருவோம் அம்மா” என்றார்கள். ஓடு மாற்றி, வெள்ளையடித்து வைத்திருக்கிறேன். இவரிடமும் இந்தத் தடவை நிஜமாகவே கேட்டுவிட்டேன்!

ஆபத்துக் காலத்தில் உள்ளே போய் இருக்க இடம் வேண்டும் என்றுதான் எங்கள் ஊர் மலைமேல் கோட்டையும் குளமும் தானியக் களஞ்சியமும் கட்டினார்கள். நமக்குக் கோட்டை வேண்டாம், தெருவில் ஒரு வீடு போதும். நாளைக்கு யாராவது உங்கள் தெருவில் இப்படி வீடு கேட்டு வந்தால், என்னைப் போல் பொய் சொல்லி அனுப்பிவிடாதீர்கள்.

அடுத்த இதழில் குழந்தைகளின் வயிற்றுப் பொருமலைப் பற்றிப் பேசுவோம். வரட்டுமா?