நாவல் தானாக வருவதில்லை

நாவல் எழுதுவதைப் பற்றி நம்மிடையே இரண்டு மூடநம்பிக்கைகள் உலவுகின்றன. முதலாவது, நாவல் தானாக வரும் என்பது. நல்ல முதல் வரி ஒன்று அமைந்துவிட்டால் மீதியை ஆழ்மனம் பார்த்துக்கொள்ளுமாம். இரண்டாவது திரைக்கதைப் பயிலரங்குகளிலிருந்து வந்து சேர்ந்தது. ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் சுருக்கம் எழுதி, திருப்பங்களைக் கட்டம் கட்டி வைத்துக்கொண்ட பிறகே பேனாவைத் தொட வேண்டும் என்பது அதன் விதி. சிற்றிதழ் வாசகர்களான நாம் இரண்டாவதை எளிதில் எள்ளி நகையாடிவிடுகிறோம். முதலாவதைக் கேள்வியின்றி வழிபடுகிறோம். இக்கட்டுரை அந்த வழிபாட்டுக்கு எதிரானது.

வழிபடுவோர் காட்டும் சான்று பெரும்பாலும் ஜெயமோகன். எழுத்து கனவுக்கு நிகரானது, முன்கூட்டி வகுத்த திட்டம் அதைக் கலைத்துவிடும் என்ற பொருளில் அவர் பலமுறை பேசியிருக்கிறார். 2014 ஜனவரியில் தொடங்கி 2020 வரை நாள்தோறும் ஓர் அத்தியாயமாக வெளிவந்து 26 நாவல்களாக நிறைவுற்ற 'வெண்முரசு' அதற்கு நிரூபணம் என்கிறார்கள். அது சாதனை என்பதில் ஐயமில்லை. ஆனால் குருக்ஷேத்திரத்தில் யார் யார் வீழ்வார்கள் என்பது முதல் நாளே முடிவாகிவிட்ட கதை அது. வியாசன் இட்ட கோட்டின் மேல்தான் அந்தக் கனவு நடந்தது. 'விஷ்ணுபுரம்' (1997) கோயில் மரபு, சிற்பவியல், இந்தியத் தத்துவத் தரப்புகள் ஆகியவற்றின் மீது எழுந்த நாவல். இவை தூக்கத்தில் கிடைப்பவையல்ல. அவருடைய கனவை மட்டும் எடுத்துக்கொண்டு கல்வியை விட்டுவிடுகிறவர்களோடுதான் என் சண்டை.

மறுபக்கத்தையும் கறாராகவே பார்ப்போம். ராஜம் கிருஷ்ணன் தாம் எழுத எண்ணிய மக்களை நேரில் சென்று பார்த்துப் பேசிய பிறகே எழுதினார். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைப் பற்றிய 'கரிப்பு மணிகள்' அவ்வாறு பிறந்ததே. கள ஆய்வு நாவலை விழுங்கிவிடுகிறது என்று அவரைக் குறை கூறியவர்கள் உண்டு. சு. வெங்கடேசன் ஏறத்தாழப் பத்தாண்டுகள் உழைத்து 'காவல் கோட்டம்' (2008) எழுதினார். அதை எஸ். ராமகிருஷ்ணன் கடுமையாக நிராகரித்தார். ஜெயமோகன் விரிவாகப் பாராட்டினார். கனவைப் பேசுகிறவரே பத்தாண்டுத் தயாரிப்பின் மதிப்பை உணர்ந்து பாராட்டினார் என்பதை நம் பக்தர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

அப்படியென்றால் எவ்வளவு திட்டமிடுவது? என் அளவுகோல் எளியது. பிறரிடம் கேட்டறியக் கூடிய எதையும் எழுதும் முன்பே அறிந்துகொள்ள வேண்டும். எவரிடமும் கேட்டறிய முடியாததை எழுதித்தான் அறிய வேண்டும்.

தேவாரத்தை எடுத்துக்கொள்வோம். ஊருக்கு மேற்கே நிற்கும் மலையின் மறுபுறம் ஏலத் தோட்டங்கள். சாக்கலூத்து மெட்டு வழியாக நடந்து ஏறலாம். வண்டி போகும் சாலை இல்லை. ஆகவே விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு கம்பம் மெட்டையோ போடிமெட்டையோ சுற்றிக்கொண்டுதான் கூலிக்குப் போக வேண்டும். ஏலக்காய் ஒரே தடவையில் பழுப்பதில்லை. ஆடி, ஆவணியில் தொடங்கித் தை, மாசி வரை சில வாரங்களுக்கு ஒருமுறை அதே செடிக்குத் திரும்பத் திரும்ப வந்து எடுக்க வேண்டும். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காய் ஸ்டோரில் உலர்ந்து ஒரு கிலோவாகிறது. அதன் விலை போடி ஏலத்தில் முடிவாகிறது.

இவை வெறும் தகவல்கள் என்று ஒதுக்குபவர் நாவலைப் புரிந்துகொள்ளாதவர். கோடையில் காய் எடுப்பு இல்லை. எனவே கடன் வாங்கும் மாதமும் அடைக்கும் மாதமும் இந்தச் செடியின் பருவத்தைச் சார்ந்தவை. ஒரு பெண்ணின் திருமணம் தள்ளிப்போவதும் ஒரு பையன் பள்ளியை விட்டு நிற்பதும் அந்தக் கணக்குக்குள்தான் நிகழ்கின்றன. 1956இல் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு சேர்ந்தது தெரியாமல், 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பதற்றத்தின்போது தமிழ்த் தொழிலாளர்கள் அஞ்சி மலையிறங்கி வந்ததை எழுத முடியாது. எழுதினால் அது செய்தித்தாள் கண்ணீராக முடியும். ஆழ்மனத்தில் காய் எடுப்புக் காலம் பதிவாகியிருக்காது. காட்டில் வேலை செய்த ஒருவரிடம் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

ஆனால் இறங்கி வந்தவள் பதற்றம் தணிந்த பின் அதே முதலாளியின் தோட்டத்துக்குத் திரும்பிப் போனாளா, போகும்போது அவள் மனத்தில் என்ன இருந்தது? இதைத் திட்டத்தில் எழுதி வைப்பவன் அவளை முன்பே கொன்றுவிடுகிறான். நானூறு பக்கம் அவளோடு நடந்த பிறகே அது தெரியும். டால்ஸ்டாய் சைபீரியாவிலிருந்து திரும்பும் ஒரு டிசம்பர்வாதியைப் பற்றி எழுதத்தான் தொடங்கினார். அவனை அறிய 1825க்கும், அங்கிருந்து 1812க்கும், பிறகு 1805க்கும் பின்சென்றார். கிடைத்தது 'போரும் அமைதியும்'. கதைத் திட்டம் சிதைந்தது. போர்க்களங்களையும் ஆவணங்களையும் குறித்த தேடல் சிதையவில்லை.

'தானாக வரும்' என்ற உபதேசத்தால் அதிகம் இழப்பவர்கள் யார்? முதல் தலைமுறையாக எழுத வரும் சிற்றூர் இளைஞர்கள். தம் பால்யத்தை மூன்று அத்தியாயங்களில் அழகாக எழுதுகிறார்கள். நினைவு தீர்ந்ததும் நின்றுவிடுகிறார்கள். தமக்குப் படைப்பூக்கம் இல்லை என்று முடிவுகட்டி, கவிதைக்கோ மௌனத்துக்கோ போய்விடுகிறார்கள். அவர்களிடம் குறைவாக இருந்தது ஊக்கமல்ல, தயாரிப்பு. அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டிய நாமோ தரிசனம், உள்ளொளி என்று மேடையில் பேசிவிட்டு வருகிறோம். அவர்களிடம் இனியாவது வேறொன்று சொல்வோம்: முதல் வரிக்குக் காத்திருக்க வேண்டாம், நாளை விடியலில் அந்த ஜீப்பில் ஏறுங்கள்.