கரிநாள் கண்டவர்களின் ஆகஸ்ட் 15

ஆகஸ்ட் 15 காலையில் தாம்பரம், சேலையூர், செம்பாக்கம் பக்கம் தெருவுக்குத் தெரு கொடிக்கம்பம் நிற்கும். முடிச்சு அவிழ்ந்து பூ உதிரும்; தேசிய கீதம் பாடி முடித்ததும் பிள்ளைகள் மிட்டாய்க்குக் கை நீட்டுவார்கள். நமக்குப் பழகிப்போன காலை இது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்கள் தெருவில் வாடகைக்கு இருக்கும் அம்மாவுக்கு அப்படியல்ல. "எங்கட ஊரில பெப்ரவரி நாலு எண்டால் கறுப்புக் கொடிதான் பிள்ளை. இஞ்ச மிட்டாய் தருகினம்" என்றார்.

இலங்கை விடுதலை பெற்றது 1948 பிப்ரவரி 4. அதே ஆண்டு வந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்றார்கள். அதன்பின் வடக்கு கிழக்குத் தமிழர் பலருக்கு பிப்ரவரி 4 கரிநாளானது. 1983இல் தமிழர்களுக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பிறகு கடல் கடந்து வந்தவர்கள் அந்த நினைவோடுதான் நம் கொடியின்முன் நிற்கிறார்கள். தங்களையும் சேர்த்துக் கொண்டாடும் ஒரு நாடு வேண்டும் என்ற ஏக்கத்தை அந்த அம்மாவின் முகத்தில் பார்த்தேன்.

நம் சட்டம் இன்னும் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அகதிகளுக்கான முகாமில் இருந்தாலும், காவல் நிலையத்தில் பதிந்து வெளியே வாடகை வீட்டில் இருந்தாலும், உரிய ஆவணமின்றி வந்தவர்கள் இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் கண்ணில் சட்டவிரோதக் குடியேறிகள். 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் இதைக் காட்டி உயர் நீதிமன்றத்தில் வழக்காடி பாஸ்போர்ட் பெற்றார். 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். அந்தத் தேதிக்குப் பின் பிறந்தவருக்கு இந்த மண்ணில் பிறந்தது மட்டும் போதாது. பெற்றோரின் குடியுரிமையையும் கேட்கிறார்கள். அந்தச் சட்டத்தின் 2019 திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த சிறுபான்மையினருக்கு வழிவிட்டது. அந்தப் பட்டியலில் இலங்கை இல்லை.

குடியுரிமை இல்லாததன் இழப்பு பக்கத்து ஊரிலேயே தெரியும். தாம்பரம் மாநகராட்சி எல்லையைத் தாண்டினால் ஊராட்சிகள். அங்கே ஆகஸ்ட் 15 அன்று கிராம சபை கூடும். வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவரே அதன் உறுப்பினர். தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்று அங்கே எழுந்து கேட்கும் உரிமைதான் சுதந்திரத்தின் அன்றாடப் பயன். அங்கு குடியிருக்கும் ஈழத்துக் குடும்பங்களுக்குக் குடியுரிமை இல்லை; அதனால் அந்த உரிமையும் இல்லை. அவர்களின் பிள்ளைகளோ நம் பள்ளிகளில் படித்து, நம் தேசிய கீதம் பாடி வளர்கிறார்கள்.

இங்கே பிறந்த பிள்ளைக்குப் பிறந்த மண்ணே போதுமான சான்று என்று நாடாளுமன்றம் சட்டம் திருத்த வேண்டும். வாக்குக் கேட்டு நம் வாசலுக்கு வருகிறவர்களிடம், வாக்கில்லாத அண்டை வீட்டாருக்காக நாம் இதைக் கேட்க வேண்டும்.