ஆமைக்கும் ஓர் ஊர் உண்டு

கடந்த மாரி ஓய்ந்த கையோடு திரியாயில் ஒரு வீட்டிற்குப் போயிருந்தேன். ஆடு வளர்ப்புக் கடன் பற்றிப் பேசத்தான் போனது. பேச்சு முடிந்து எழும்பும்போது, கிணற்றடியில் பழைய பிளாஸ்ரிக் பேசின் ஒன்றைச் சுற்றி நாலைந்து பிள்ளைகள் குந்தியிருப்பதைக் கண்டேன். எட்டிப் பார்த்தால் உள்ளே ஓர் ஆமை. கறுத்த ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் போல விரிந்திருக்கும் எமது காட்டுத் தரையாமை. பேசினில் பாதி தண்ணீர். ஓரத்தில் ஒரு பிடி சோறு கரைந்து கிடந்தது. ஓட்டின் விளிம்பில் ஆணியால் துளை போட்டுச் சணல் கயிறு கட்டியிருந்தார்கள்.

"வேலிக்குப் பத்தை வெட்டேக்க கண்டது சுவாமி. விட்டிருந்தா நாய் கடிச்சிருக்கும். மகளும் ஆசைப்பட்டாள். இருந்திட்டுப் போகட்டும் எண்டு விட்டிட்டன்" என்றார் தகப்பன். "ஆமை புகுந்த வீடு உருப்படாது எண்டு சொல்லுறன், ஆர் கேக்கினம்?" என்று குசினிக்குள் இருந்து அம்மம்மா குரல் கொடுத்தார். மகளுக்குப் பத்து வயதிருக்கும். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "சுவாமி, இதை வச்சிருக்கலாமோ?" என்று கேட்டாள்.

சின்னக் கேள்விதான். ஆனால் இந்தக் கேள்வி இன்று திரியாயில் மட்டுமல்ல, பற்றை மண்டிய காணிகளுக்குத் திரும்பி வந்து வெட்டித் துப்புரவாக்கும் எல்லா ஊர்களிலும் எழுகிறது. நாம் இல்லாத காலத்தில் காடு எங்கள் வளவுகளுக்குள் வந்தது. காட்டோடு காட்டின் உயிர்களும் வந்தன. இப்போது நாம் திரும்பியிருக்கிறோம். அவற்றை என்ன செய்வது? ஆகவே அந்தப் பிள்ளைக்குச் சொன்ன பதிலை உங்கள் எல்லோரோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் அம்மம்மாவின் பயத்தை எடுத்துக்கொள்வோம். ஆமையால் எந்த வீடும் கெட்டதில்லை. கல்லாமை, பொறாமை, இயலாமை என்ற ஆமைகள் புகுந்த வீடுதான் கெடும் என்று அந்தப் பழமொழிக்கு விளக்கம் சொல்லும் பெரியோரும் உண்டு. எமது இந்து சகோதரர்களுக்கு ஆமை திருமாலின் அவதாரங்களில் ஒன்று. ஐம்புலன்களை அடக்கி வாழ்வதற்கு வள்ளுவர் காட்டும் உதாரணமும் ஆமைதான். எனவே தரித்திரம் வரும் என்று பயந்து ஆமையைக் கல்லால் எறிவதோ, தடியால் புரட்டி விடுவதோ பாவம். ஆமை வீட்டுக்குள் புகுந்தால் வீட்டுக்குக் கேடில்லை, ஆமைக்குத்தான் கேடு.

அடுத்தது தகப்பனின் நியாயம். அவர் நாயிடமிருந்து ஓர் உயிரைக் காப்பாற்றினார். அது நல்ல மனம். ஆனால் காப்பாற்றுவது வேறு, வைத்துக்கொள்வது வேறு. ஆபத்திலிருந்து எடுத்தால், ஆபத்தில்லாத பக்கம் கொண்டுபோய் விட்டவுடன் எமது கடமை முடிந்தது. அதற்கு மேல் வைத்திருப்பது ஆமையின் தேவைக்காக அல்ல, எங்கள் ஆசைக்காக.

"ஆடு, மாடு, கோழி வளர்க்கிறோமே, ஆமை வளர்த்தால் என்ன?" என்று கேட்கலாம். ஆடும் மாடும் கோழியும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதரோடு வாழ்ந்து பழகியவை. பின்னேரமானால் தாமாகவே பட்டிக்கு வருகின்றன. தரையாமை அப்படியல்ல. அதற்குப் பழகிய புல்வெளி, வெயிலுக்கு ஒதுங்கும் பற்றை, மழைக்கு வெளிவரும் தடம் எல்லாம் உண்டு. வேறிடத்தில் கொண்டுபோய் விட்டால் அது ஓரிடத்தில் நிலையாமல் அலைந்து திரியும். பேசினுக்குள் விட்டாலோ நாள் முழுவதும் சுவரைப் பிறாண்டிக்கொண்டேயிருக்கும். பிள்ளைகள் அதை விளையாட்டென்று நினைக்கிறார்கள். அது வழி தேடுகிறது.

எமக்குத் தெரியாமலே நாம் செய்யும் துன்பங்களையும் சொல்ல வேண்டும். தரையாமை நீந்தத் தெரியாதது. குளத்தில் வாழும் பாலாமையும் காராமையும் வேறு இனங்கள். ஆமை விட்டால் தண்ணீர் சுத்தமாகும் என்று தரையாமையைக் கிணற்றில் போட்டால் அது மூழ்கிச் சாகும். சோறும் பாணும் அதன் உணவல்ல. புல், பூண்டு, இலை, பூ, விழுந்த பழம் என்பவற்றைத் தின்று வாழும் உயிர் அது. சோற்றைத் தின்று வளர்ந்தால் சுண்ணாம்புச் சத்துப் போதாமல் ஓடு மெலிந்து கோணலாகும். ஈரத்தில் நெடுநேரம் கிடந்தால் சளி பிடித்து மூச்சுத் திணறும். ஓடு என்பது தகரம் போன்ற வெறும் மூடியுமல்ல. அது முதுகெலும்போடும் விலா எலும்போடும் ஒன்றாய் வளர்ந்த உயிருள்ள எலும்பு. அதில் ஆணி இறக்கினால் அதற்கு நோகும். சத்தம் போடாத உயிர் என்பதால் எமக்கு அது கேட்பதில்லை.

பிள்ளைகளின் சுகத்தையும் பாருங்கள். சுகமாக இருக்கும் ஆமையின் குடலிலும் சல்மொனெல்லா என்ற கிருமி இருக்கலாம். ஆமையைத் தொட்ட கையோடு சாப்பிடும் சிறு பிள்ளைகளுக்கு அது கடும் வயிற்றோட்டத்தைக் கொடுக்கும். இதே காரணத்திற்காக 1975 இல் அமெரிக்கா நாலு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளைச் செல்லப் பிராணிகளாக விற்பதைத் தடை செய்தது.

"ஒன்றுதானே சுவாமி, காட்டில் எத்தனையோ கிடக்கு" என்பார்கள். இந்த நட்சத்திர ஆமை உலகத்தில் இயற்கையாக வாழ்வது எமது இலங்கையின் வரண்ட பகுதிகளிலும், இந்தியாவின் சில பகுதிகளிலும், பாகிஸ்தானின் எல்லைப் புறத்திலும் மட்டுமே. ஒரு பெண் ஆமை முட்டையிடும் பருவத்துக்கு வர எட்டுப் பத்து ஆண்டுகள் ஆகலாம். வந்தாலும் ஒரு தடவைக்குச் சில முட்டைகள்தான். முட்டைகளையும் குஞ்சுகளையும் உடும்பு, கீரி, காகம் என்று பல உயிர்கள் தின்றுவிடும். எனவே முட்டையிடும் ஒரு பெரிய ஆமையை எடுத்தால், அந்த இடத்தை நிரப்ப இன்னொன்று வளர்ந்து வருவதற்குப் பல ஆண்டுகள் செல்லும்.

இதற்குப் பிற தேசங்களில் பாடம் இருக்கிறது. இரண்டாம் உலக யுத்தத்திற்குப் பின்னர் மொரோக்கோ முதலிய மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து பிரித்தானியாவுக்கு ஆமைகள் இலட்சக்கணக்கில் கொண்டுபோகப்பட்டன. தின்பதற்காக அல்ல, பிள்ளைகள் வளர்ப்பதற்காகவே. அவற்றில் பெருந்தொகையானவை குளிர் தாங்காமல் முதல் ஆண்டிலேயே செத்தன. கடைசியில் 1984 இல் அந்த வியாபாரத்தையே தடை செய்ய வேண்டியதாயிற்று. எமது நட்சத்திர ஆமைக்கும் இன்று அதே கதிதான். இந்தியாவில் ஒரேயொரு பகுதியில் மட்டும் ஆண்டுக்குக் குறைந்தது 55,000 ஆமைகள் பிடிக்கப்பட்டதாக 2015 இல் வெளிவந்த ஆய்வு ஒன்று கூறியது. அவை கள்ளமாகக் கிழக்காசிய நாடுகளின் சந்தைகளுக்குப் போகின்றன. பிடித்துக் கொடுக்கும் ஏழைக்குக் கிடைப்பது சொற்பம். கடத்துபவனுக்குத்தான் இலாபம். அகப்பட்டால் முதலில் வழக்கில் மாட்டுபவன் ஏழைதான்.

சட்டமும் தெளிவானது. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் 2009 ஆம் ஆண்டுத் திருத்தமும் இந்த ஆமையைப் பிடிப்பதையும் வைத்திருப்பதையும் விற்பதையும் குற்றமாக்கியுள்ளன. அழிந்துவரும் உயிரினங்களின் வியாபாரத்தைப் பற்றிய உலக மாநாடு 2019 இல் கொழும்பில் நடக்கவிருந்தது. உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளால் அது ஜெனீவாவுக்கு மாற்றப்பட்டது. அங்கேதான் இலங்கையும் இந்தியாவும் சேர்ந்து கேட்டதன் பேரில் நட்சத்திர ஆமைக்கு மிகக் கடுமையான பாதுகாப்புக் கிடைத்தது.

சட்டம் என்று சொன்னதும் உங்களில் பலரின் முகம் மாறும் என்பது எனக்குத் தெரியும். ஒரு விவசாயி என்னிடம் நேரடியாகவே கேட்டார். "எங்கட வயலுக்கை எல்லைக்கல்லு நட்டுப்போட்டு எங்களை வெளியில நிக்க விட்டிருக்கினம். இப்ப ஆமையையும் அவைக்காகக் காப்பாத்தச் சொல்லுறீங்களோ?" அந்தக் கோபம் நியாயமானது. 1985 இல் திரியாய் எரிந்தபோது ஓடியவர்கள், பல்லாண்டுகள் முகாம்களில் கிடந்து திரும்பி வந்து, தம் தகப்பன்மார் விதைத்த வயலுக்கு உறுதியும் அனுமதிப்பத்திரமும் காட்டிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறார்கள். அந்த உரிமைக் குரல் ஓயக் கூடாது. ஆனால் ஆமை எந்த எல்லைக்கல்லையும் நடவில்லை. யாரோ செய்ததற்கு ஆமையின் மீது பழி தீர்க்க முடியாது. அதைவிட, இந்த மண்ணிலுள்ள உயிர்களின் பெயரும் குணமும் தெரிந்து அவற்றைக் காத்து நிற்கும் ஊரவர் "இந்த மண்ணைப் பராமரிப்பவர்கள் நாங்கள்தான்" என்று சொல்லும்போது அந்தச் சொல்லுக்குப் பலம் கூடும். ஆமையைச் சட்டத்திற்குப் பயந்து விடச் சொல்லவில்லை. அது எங்கள் ஊரின் உயிர் என்பதற்காகவே விடச் சொல்கிறேன்.

இதைச் சொல்லும் எனக்கும் ஒரு குற்றம் உண்டு. 1990 ஆனி மாதம் சண்டை மீண்டும் தொடங்கியபோது எனக்குப் பத்து வயது. இந்த மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் இருந்தோம். கிணறு கட்டி மிஞ்சிய சீமெந்து வளையம் ஒன்றுக்குள் நான் ஒரு தரையாமையை வளர்த்தேன். ஓடவேண்டிய இரவு வந்தது. ஐயா மாடுகளின் கயிற்றை அறுத்து விட்டார். அம்மா கோழிக்கூட்டைத் திறந்து விட்டார். "நாயைக் கட்டி வைக்காதே" என்று பக்கத்து வீட்டுக்காரர் கத்தினார். ஆமையை ஒருவரும் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரையில்லை. வளையம் மட்டும் அப்படியே இருந்தது. கொடியை விலக்கிப் பார்த்தேன். உள்ளே வெறும் ஓடு கிடந்தது.

நாம் இழந்தவற்றுக்கு முன்னால் ஓர் ஆமை எம்மாத்திரம் என்று நீங்கள் கேட்கலாம். சரிதான். மனிதரின் துயரத்தை ஆமையின் துயரத்தோடு நான் ஒப்பிடவில்லை. ஆனால் உங்களில் ஒவ்வொரு குடும்பத்திடமும் அந்த ஓடிய நாளைப் பற்றிக் கேட்டால், மாட்டை அவிழ்த்து விட்டோமா இல்லையா என்பதை இன்றும் மறக்காமல் சொல்கிறீர்கள். அவிழ்த்து விட்டவர்கள் அதை ஓர் ஆறுதலாகச் சொல்கிறீர்கள். மறந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு சொல்கிறீர்கள். கட்டி வைத்த உயிருக்கு நாமே முழுப் பொறுப்பு. அந்தப் பொறுப்பைத் தாங்க முடியாதவர்கள் கட்டக் கூடாது. ஒரு தரையாமை முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடியது. அவ்வளவு காலத்துக்கு யார் உத்தரவாதம் கொடுப்பது?

ஆகவே நாம் என்ன செய்யலாம்?

வளவில் ஆமையைக் கண்டால் தூக்காமல் பாருங்கள். தூக்கினால் பயத்தில் நீர் விட்டுவிடும். கோடையில் அது சேமித்து வைத்த நீர். நாயோ வாகனமோ வந்தால் மட்டும் எடுத்து, அது போய்க்கொண்டிருந்த பக்கமாகவே, அருகிலுள்ள பற்றை நிழலில் விடுங்கள். தூரத்துக் காட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

சில நாட்களுக்கு முன் பிடித்ததாக இருந்தால், எடுத்த இடத்திலேயே காலையிலோ பின்னேரத்திலோ விட்டுவிடுங்கள். பல ஆண்டுகள் வளர்த்ததாகவோ வேறு ஊரிலிருந்து கொண்டுவந்ததாகவோ நோயுற்றதாகவோ இருந்தால் காட்டில் விட வேண்டாம். அதன் நோய் மற்ற ஆமைகளுக்குத் தொற்றும். கிராம உத்தியோகத்தர் ஊடாக வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். தனியே போகப் பயமென்றால் விவசாய சங்கத்தின் மூலம் போங்கள்.

காசு தருகிறேன் என்று ஆமை கேட்டு வருபவரை வளவுக்குள் எடுக்காதீர்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது நெருப்பு. வெட்டிய பற்றையைக் கொளுத்தும்போது ஆமை ஓடாது. ஓட்டுக்குள் ஒடுங்கிக்கொண்டு அங்கேயே எரியும். ஆகவே கொளுத்துவதற்கு முன் காணியை ஒரு தடவை தடியால் கிளறி நடந்து பாருங்கள். சுற்றி நெருப்பு வைக்காமல் ஒரு பக்கமாக வையுங்கள். மறுபக்கத்தால் மற்ற உயிர்களாவது தப்பும். இதற்கு அரை மணித்தியாலம் போதும். பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள். கண்டுபிடிப்பதில் அவர்கள் கெட்டிக்காரர்கள்.

அந்த வீட்டுக்கு மறுபடி வருகிறேன். பிள்ளையின் கேள்விக்கு நான் இல்லை என்றுதான் சொன்னேன். அவள் அழுதாள். வேறு ஏதும் சொல்லி அவளைத் தேற்ற எனக்குத் தெரியவில்லை. சீமெந்து வளையத்தின் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டு, தானே போய்க் கத்தரிக்கோல் எடுத்து வந்து கயிற்றை வெட்டினாள். வெயில் தாழ்ந்ததும் தகப்பனும் மகளும் நானும் வேலியடிக்குப் போனோம். அவள் அதை மண்ணில் வைத்தாள். நெடுநேரம் அது தலையை வெளியே நீட்டவில்லை. பிறகு நீட்டிப் பார்த்துவிட்டு மெல்லப் பற்றைக்குள் நடந்தது.

"ஓட்டில ஓட்டை இருக்கு. திரும்ப வந்தா எனக்கு அடையாளம் தெரியும்" என்றாள் அவள்.

அடுத்த மாரிக்கு அது வரலாம், வராமலும் விடலாம். ஆனால் வரவேண்டுமென்றால் அந்தப் பற்றை அங்கே இருக்க வேண்டும். அதைக் கொளுத்த வேண்டிய நாள் வரும்போது, நெருப்புப் பெட்டியை எடுப்பதற்கு முன் அந்தத் தகப்பன் ஒரு தடவை உள்ளே நடந்து பார்ப்பார் என்று நம்புகிறேன். நீங்களும் அப்படியே செய்வீர்களா?