அயல்வீட்டிலிருந்து வந்த அக்காரா

உழுந்து வடையின் மணம் எழாத விசேட நாள் நம்மவர் வீடுகளில் இல்லை. ஆயினும், அவ்வடைக்குத் தமக்கை முறையான ஒரு பலகாரம் மேற்கு ஆபிரிக்காவில் உண்டென்பதைச் சகோதரிகள் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். நைஜீரியாவின் தென்மேற்கில் வாழும் யொரூபா மக்கள் அதனை ‘அக்காரா’ என்பர். இவ்வாரம் அதனைப் பற்றியே எழுத விழைகின்றோம்.

1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் நம் நாட்டு ஆசிரியர் பலர் தொழில் நாடி நைஜீரியாவுக்குச் சென்றனர். நாமும் அவ்வாறு சென்று, இபாடான் நகருக்கு அண்மையிற் சில காலம் குடியிருந்தோம். ஒருநாட் காலை, அயல்வீட்டுச் சிறுமி மூடிய தட்டொன்றைக் கொணர்ந்து தந்தாள். திறந்து பார்த்தால், பொன்னிறமாகப் பொரிந்த உருண்டைகள்! ஊர் நினைவு வந்துவிட்டது. ஒன்றைப் பிட்டு வாயிலிட்டுக்கொண்டே, “வீட்டில் என்ன கொண்டாட்டம்?” என்று மகிழ்ச்சியோடு வினவினோம்.

“பாட்டி இறந்துவிட்டார்” என்றாள் சிறுமி. வாயிலிட்டது தொண்டையில் இறங்கவில்லை.

மாலையில் வெட்கத்துடன் துக்கம் விசாரிக்கச் சென்றோம். அவ்வீட்டு அம்மையார் சிறிதும் மனம் கோணவில்லை. நிறைவாழ்வு வாழ்ந்த முதியோர் மறைந்தால், அக்காராவைப் பெருமளவிற் சுட்டு அயலார்க்கெல்லாம் பகிர்வது தங்கள் பழைய வழக்கம் என்றார். “மாமியார் நன்றாக வாழ்ந்துவிட்டுப் போனார். அதனை நால்வர் அறிய வேண்டாமா?” என்று அவர் கேட்டபோது, நமது எட்டுச் செலவு நினைவுக்கு வந்தது. இறந்தவர் விரும்பி உண்டவற்றைப் படைத்து, வந்தவர்க்கும் பலகாரம் கொடுத்தனுப்பும் நமக்கு அது புரியாத வழக்கமன்று.

சில வாரங்களின் பின், அவ்வம்மையாரிடமே அக்காரா சுடக் கற்றுக்கொண்டோம். நம் நாட்டில் அதற்கு வேண்டியது கறுப்புக் கண்ணுள்ள வெள்ளைக் கௌபியே. இரண்டு சுண்டு கௌபிக்குப் பெரிய வெங்காயம் ஒன்றும், பச்சை மிளகாய் மூன்று நான்கும், உப்பும், பொரிக்க எண்ணெயும் போதும். அங்கே குடமிளகாயைச் சிறிதாக்கியது போன்ற, கொடிய காரமுள்ள மிளகாயை இடுவர்.

முதலிற் கௌபியை அரைமணி நேரம் ஊறவையுங்கள். பின்னர் இரு கைகளாலும் கசக்கி, நீர் விட்டு அலசினால் தோல் மிதந்து வரும். அதனை வடித்து, மீண்டும் கசக்குங்கள். பருப்பு வெள்ளை வெளேரென்று ஆகும்வரை இதனைச் செய்தல் வேண்டும். இதுவே சிரமமான வேலை. இதிற் குறுக்குவழி தேடுவோர்க்கு அக்காரா கறுத்தும் கரகரத்தும் போகும். தோல் நீங்கிய பருப்பை இன்னும் இரண்டு மணி நேரம் ஊறவிட்டு, மிகக் குறைந்த நீர் தெளித்து, வெண்ணெய் போல அரைத்தெடுங்கள்.

அடுத்ததே உயிரான இடம். அரைத்த மாவை உரலிலோ அகன்ற பாத்திரத்திலோ இட்டு, மர அகப்பையால் ஒரே திசையிற் கை ஓயும்வரை அடிக்கவேண்டும். உள்ளே காற்றுப் புகுந்து மாவு பொங்கி இலேசாகும். சோடா எதுவும் வேண்டாம். வெங்காயத்தையும் மிளகாயையும் பொடியாக அரிந்து சேருங்கள். உப்பைச் சுடுவதற்குச் சற்று முன்னரே இடுங்கள். முந்தி இட்டால் மாவு தளர்ந்துவிடும். தாச்சியில் எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் கரண்டி கரண்டியாக விட்டு, இருபுறமும் சிவக்க எடுங்கள். யொரூபா நாட்டிற் செந்நிறப் பனையெண்ணெயிற் சுடுவர். நமக்குத் தேங்காயெண்ணெய் அமையும்.

நமது முதல் முயற்சி கல்லாயிற்று என்பதையும் மறைக்கவில்லை. மாவை நீர்க்க அரைத்ததோடு, அடிக்கவும் பொறுமையின்றி விட்டோம். அம்மையார் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்து, “இதனாற் பறவை அடிக்கலாம்” என்று சிரித்தார்.

சனிக்கிழமைக் காலைகளில், புளிக்கவைத்த சோளமாவிற் காய்ச்சிய ‘ஓகி’ என்னும் கூழுடன் இதனை உண்பர். பயறும் தானியமும் கூடுவதால் புரதம் நிறைவுறுகின்றது. இதே மாவை இலையிற் பொதிந்து ஆவியில் அவித்தால் அது ‘மொயின்மொயின்’. எண்ணெய் ஆகாதவர்க்கு ஏற்றது.

அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட யொரூபா மக்களுடன் இப்பலகாரமும் கடல் கடந்தது. பிரேசிலின் பாஹியா மாநிலத்துத் தெருக்களில் வெள்ளுடை அணிந்த பெண்கள் இன்றும் இதனை ‘அக்கராஜே’ என்ற பெயரில் விற்கின்றனர். அந்நாட்டில் அடிமைமுறை ஒழிந்தது 1888ஆம் ஆண்டில். நாட்டையும் உறவையும் பறித்தவர்களால், தாயின் கைப்பக்குவத்தைப் பறிக்க முடியவில்லை.

நம் அன்னையார் மறைந்த ஆண்டு, எட்டுச் செலவுப் பலகாரங்களோடு அக்காராவும் சுட்டோம். வடைக்கு அருகில் அது அந்நியமாகத் தோன்றவில்லை. சகோதரிகளே, ஓய்வான ஒரு நாளிற் செய்து பாருங்கள். துக்கமோ மகிழ்ச்சியோ, முதல் தட்டை மட்டும் அயல்வீட்டுக்கு அனுப்ப மறவாதீர்கள்.